பூங்காவனம் நின்ற குழி

“எழுத்து கத்துக்கினு இவ இன்னா, கலெக்டர் கச்சேரியிலயா உத்தியோகம் பாக்கப் போறா?” என்று என் அத்தை கேட்டபோது அவள் கையில் ஈரப் பட்டு இருந்தது. சாயத்தொட்டியிலிருந்து எடுத்த பட்டுக்குக் கொஞ்சம் புளிப்பும் கொஞ்சம் சோப்பும் கலந்த ஒரு வாடை உண்டு. இன்றைக்கும் அது எங்காவது மூக்கில் பட்டால் அந்தக் கேள்விதான் எனக்கு முதலில் கேட்கிறது.

அப்போது நான் நாலாம் வகுப்பு. காஞ்சிபுரத்தில் எங்கள் குடும்பத்திலேயே பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பாவை நாங்கள் ‘நைனா’ என்போம். நைனாவுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும், தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே என்னைக் கூப்பிட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் படிக்கச் சொல்வார். நான் சத்தமாகப் படிப்பேன். எனக்கு அதில் கொஞ்சமல்ல, நிறையவே கர்வம் இருந்தது.

என் தங்கை பூங்காவனத்துக்கு அப்போது நான்கு வயது. கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொண்டு விறைத்திருக்கும். உட்கார வைத்தால் சரிந்துவிடுவாள். அம்மா, அக்கா என்ற இரண்டு சொல்லுக்கு மேல் பேச்சு வரவில்லை. ‘கால் வெளங்காத கொழந்த’ என்று தெருவில் சொன்னார்கள். எங்கள் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை, விருந்தாளி வந்தால் அவளைப் பின்கட்டில் படுக்க வைத்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

அந்த வருஷம்தான் சென்னையிலிருந்து ஒரு அம்மாள் எங்கள் நெசவாளர் சங்கத்துக் கூடத்துக்கு வர ஆரம்பித்தார். ஒரு பெரிய சிவப்புப் பந்தை வலைப்பையில் போட்டு பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வருவார், அதனால் தெருவே அவரைப் ‘பந்து டீச்சர்’ என்றது. இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் அவர் வேலை. முதல் இரண்டு மாதமும் செவ்வாய்க்கிழமையில் வந்து, காலிக் கூடத்தில் பந்தோடு உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போனாராம். சங்கத்துக் கணக்கர்தான் கடைசியில் மனசு கேட்காமல், “தறி ஓடற நாள்ல எவம்மா கொழந்தைய தூக்கிக்கினு வருவான்? அமாவாசைக்கு வாங்க. அன்னிக்குத் தறிய தொட மாட்டோம்” என்றிருக்கிறார்.

“எங்க ஆஸ்பத்திரி காலண்டர்ல அமாவாசையெல்லாம் போட மாட்டாங்களே” என்று அவர் சிரித்தாராம். ஆனால் அடுத்த அமாவாசைக்கு வந்துவிட்டார்.

அன்றைக்கு நைனா பூங்காவனத்தைத் தோளில் தூக்கிக்கொள்ள, நானும் அம்மாவும் பின்னால் போனோம். கூடத்தில் ஒன்பது குழந்தைகள் இருந்தார்கள். அதில் மூன்று பேர் எங்கள் தெரு. மூன்று வீடு தள்ளியிருந்த வீட்டில் பூங்காவனம் வயசிலேயே ஒரு பெண் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பெண்ணின் அம்மாவும் என் அம்மாவும் தினமும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பவர்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார்கள். பிறகு அந்த அம்மாதான், “உம்பொண்ணு சோறு முழுங்குதா? எம்பொண்ணு நாக்காலயே வெளிய தள்ளிடுதும்மா” என்று ஆரம்பித்தார். அதற்குப் பிறகு இருவரும் நிறுத்தவே இல்லை.

பந்து டீச்சர் பூங்காவனத்தைப் பந்தின் மேல் குப்புறப் போட்டு மெதுவாக உருட்டினார். “இன்னாது, தோசையாட்டம் பெரட்டுது இந்தம்மா” என்று யாரோ சொல்ல, கூடமே சிரித்தது, பூங்காவனமும் சிரித்தாள். பிறகு அவர், பிறக்கும்போது மூச்சு முட்டியதால் வந்தது இது, காலில் வந்த நோயல்ல, தினமும் பயிற்சி செய்தால் உட்காரலாம், நிற்கலாம் என்றார். வீட்டில் செய்ய வேண்டியதை ஒரு காகிதத்தில் வேகமாக எழுதி, “வீட்ல படிக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?” என்று கேட்டார். “இதோ இருக்குதே” என்று நைனா என்னைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

வீட்டுக்கு வந்ததும் படித்தேன். பாடப்புத்தகத்து அச்செழுத்து எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவருடையதோ சேர்த்துச் சேர்த்து ஓடும் கையெழுத்து. முதல் ஐந்து வரியைத் தட்டுத்தடுமாறிப் படித்துவிட்டேன்: காலைப் பிரிக்க வேண்டும், முட்டியை நீட்ட வேண்டும், கணுக்காலை வளைக்க வேண்டும், காலையில் பத்து, மாலையில் பத்து. கடைசி இரண்டு வரி அடித்தலும் கூட்டெழுத்துமாக இருந்தது. ஒன்றும் புரியவில்லை. அத்தை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவ்ளோதானா?” என்றார் நைனா.

“அவ்ளோதான்” என்றேன்.

மறுநாளிலிருந்து நைனா அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். தறியில் ஏற்றும் பாவு நூலைத் தெருவில் விரிக்கும்போது இழை எங்காவது தொய்ந்தால் ஒரே இழுப்பில் விறைப்பாக்கிக் கட்டுகிற கை அது. கோணிக்கொண்டிருந்த காலையும் அப்படியே நேராக்கப் பார்த்தார். பூங்காவனம் வீறிட்டாள். “அழுதா அழட்டும், நேராவணுமில்ல” என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இழுத்தார். அம்மா அடுப்படிக்குள் போய்விடுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, பத்து வரை உரக்க எண்ணினேன்.

மூன்றாவது வாரம் அவளுடைய வலது முட்டி வீங்கிவிட்டது. தொட்டாலே அலறினாள், நைனாவின் குரல் கேட்டாலே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நைனா அந்தக் காகிதத்தை மடித்து உத்தரத்தில் செருகிவிட்டு, “போதும். எம்பொண்ணு படுத்தே இருக்கட்டும்” என்றார்.

நான் அந்தக் காகிதத்தை எடுத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், என் டீச்சரிடம் நீட்டி, கடைசி இரண்டு வரியை மட்டும் படிக்கச் சொன்னேன். “இழுக்கக் கூடாது; மெதுவாகப் பிடித்து, இருபது எண்ணும்வரை அப்படியே காத்திருக்கவும். குழந்தை அழுதால் உடனே நிறுத்தவும்.” அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்லவும் இல்லை. மூன்று நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

அமாவாசையன்று நாங்கள் போகவில்லை. கூடத்தில் பயிற்சி முடிந்ததும் பந்து டீச்சரே வீடு தேடி வந்துவிட்டார். பூங்காவனத்தின் முட்டியைத் தொட்டுப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. “இது இழுத்ததால வந்த வீக்கம். நான் எழுதிக் கொடுத்ததைப் படிக்கலையா?”

நைனா அதுவரை தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றார். அந்தக் கேள்விக்கு நிமிர்ந்துவிட்டார். “படிக்கலையான்னு மட்டும் கேக்காதம்மா. எம்பொண்ணு நாலாவது படிக்குது. நீ எழுதினத ஒரு எழுத்து வுடாம படிச்சிது. தப்பு இருந்தா அது உன் காயிதத்துல இருக்கும்.”

அத்தை அங்கேதான் இருந்தாள். அடுத்த வீட்டுக்காரர்களும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நைனா அதுவரை எனக்காக யாரிடமும் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. நான் பேசாமல் இருந்திருந்தால் அந்த அம்மாள் போயிருப்பார், என் மானம் தப்பியிருக்கும், பூங்காவனம் படுத்தே இருந்திருப்பாள்.

“கடைசி ரெண்டு வரி நான் படிக்கல நைனா” என்றேன். “எனக்குப் புரியல. புரியலன்னு சொல்லாம வுட்டுட்டேன்.”

“நான் அப்பவே சொல்லல?” என்றாள் அத்தை.

நைனா என்னைப் பார்க்கவில்லை. டீச்சரைப் பார்த்து, “அந்த ரெண்டு வரி இன்னாம்மா?” என்றார். டீச்சர் சொன்னார். பிறகு தரையில் உட்கார்ந்து, வீங்காத காலைத் தன் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, இழுக்கிறாரா இல்லையா என்றே தெரியாதபடி பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கொஞ்சநேரத்தில் விறைப்பு தானாகத் தளர்ந்தது. பூங்காவனம் அழவில்லை.

“சரிக இழைய இப்பிடித்தான் புடிப்பேன்” என்றார் நைனா, ரொம்ப மெல்லிய குரலில். “வெடுக்குன்னா அறுந்துடும். கால் எலும்புதானேன்னு நெனச்சிட்டேன்.”

“என் கையெழுத்தும் தப்புதான். நாலாவது படிக்கிற பொண்ணு படிக்கிற மாதிரி எழுதியிருக்கணும்” என்று சொல்லி, அவர் அங்கேயே புதுக் காகிதத்தில் ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து எழுதிக் கொடுத்தார். வீக்கம் வடியும்வரை ஒன்றும் வேண்டாம், பிறகு தினமும் அரைமணி நேரம் சாய்மானம் கொடுத்து நிற்க வைக்க வேண்டும், அதற்கு மரத்தில் ஒரு சட்டம் உண்டு, ஆனால் சென்னையில்தான் கிடைக்கும் என்றார். “எது வரைக்கும் தாங்கணும்?” என்று நைனா கேட்டார். அவர் பூங்காவனத்தின் இடுப்புக்கு மேல் கையை வைத்துக் காட்டினார்.

நைனா என்னைத் திட்டவில்லை. இரவு சாப்பாடு ஆனதும் அந்தக் காகிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். நான் படிக்கப் படிக்க, எழுத்துத் தெரியாத அவர் விரலை ஒவ்வொரு வரிக்கும் கீழே நகர்த்தி, இழை எண்ணுவதுபோல எண்ணிக்கொண்டே வந்தார். “எட்டு வரி இருக்குது. எட்டும் படிச்சியா?” என்றார். படித்தேன் என்றேன். அதற்குப் பிறகு எத்தனையோ மாதம் ஒவ்வொரு காகிதத்துக்கும் அப்படித்தான் எண்ணினார். எனக்கு அது அடியைவிட வலித்தது. ஆனால் எண்ண வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

முட்டி வீக்கம் வடிவதற்குள் அவர் தன் தறிக்குழிக்குப் பக்கத்தில் இன்னொரு குழி தோண்டிவிட்டார். நெசவுக்காரன் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிக்கிற குழியைத் தோண்டிப் பழகிய கைக்கு அது அரைநாள் வேலை. பூங்காவனத்தின் மார்புக்குச் சற்றுக் கீழே வரும் ஆழம். சுற்றிலும் அம்மாவின் பழைய புடவைகளைச் சுருட்டித் திணித்தார்கள். முட்டிக்கு முன்னால் பஞ்சுத் தலையணை. அவளை இறக்கினோம். முதலில் என்னைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பக்கத்துக் குழியில் நைனா உட்கார்ந்து தறியை ஓட்ட ஆரம்பித்ததும், இழையைச் சுமந்த நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பிடியை விட்டாள். அவள் தலை எங்கள் எல்லோருடைய தலையையும் போல நேராக இருந்தது. அப்படி நான் அவளை அதற்குமுன் பார்த்ததில்லை.

அடுத்த அமாவாசைக்கு வந்த பந்து டீச்சர் அந்தக் குழிக்குள் கையை விட்டு, சுற்றிலும் இருந்த புடவைகளை அழுத்தி அழுத்திப் பார்த்தார். பிறகு முட்டித் தலையணையை மட்டும் இரண்டு விரல் மேலே ஏற்றினார். வருஷம் முடிவதற்குள் எங்கள் தெருவில் மற்ற இரண்டு வீட்டிலும், பக்கத்து ஊரான திருப்புட்குழியில் ஒரு வீட்டிலும் குழி வந்துவிட்டது. தோண்டியவர் நைனா. அத்தையின் பழைய புடவைகளும் அவற்றில் இருந்தன. கேட்காமலேயே கொண்டுவந்து கொடுத்தாள், “இத ஏன் ரெண்டா மடிக்கிறீங்க, நாலா மடிங்க” என்று சண்டையும் பிடித்தாள்.

பூங்காவனம் ஏழு வயதில் சுவரைப் பிடித்து நடந்தாள். இப்போது ஒரு கோலை ஊன்றிக்கொண்டு கடைத்தெரு வரை போய் வருகிறாள். பேச்சு இழுத்து இழுத்துத்தான் வரும், ஆனால் அதிலேயே அம்மாவை எதிர்த்துப் பேசுகிறாள். அவளுடைய குழியை மண் போட்டு மூடி, மேலே சாணி மெழுகியாகிவிட்டது. பந்து டீச்சர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக யாரும் வரவில்லை. அமாவாசைகளில் சங்கத்துக் கூடம் இரண்டு வருஷம் பூட்டியே கிடந்தது.

நான் சென்னையில் விடுதியில் தங்கி, அவர் செய்த வேலையையே படிக்கிறேன். அதற்குப் பிசியோதெரபி என்று பெயர் என்பதே பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு வருஷம் பாக்கி. போன மாதம் என் ஆசிரியையிடம் எல்லாவற்றையும் சொல்லி, நான் என்னென்ன செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்று கேட்டு எழுதிக்கொண்டு, அமாவாசையன்று முதல் பஸ்ஸில் ஊருக்கு வந்தேன். சுற்று ஊர்களுக்குச் சங்கத்தின் மூலம் முன்பே சொல்லியனுப்பியிருந்தேன். சங்கத்தில் சாவி வாங்கிக் கூடத்தைத் திறந்து, பெருக்கி, பாய் விரித்தேன். பத்து மணிக்கு மாகறலிலிருந்து ஒருவர் தன் பெண்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

“டாக்டரம்மா எப்ப வருவாங்கமா?”

“டாக்டர் இல்லீங்க. நான்தான், இன்னும் படிச்சிக்கினு இருக்கேன். தெரிஞ்சத செய்றேன். தெரியாதத தெரியலன்னு சொல்லிட்டு, கேட்டுக்கினு வந்து அடுத்த அமாவாசைக்குச் சொல்றேன்” என்றேன். “உள்ள வாங்க. கொழந்தைய இப்பிடிக் குடுங்க.”