வாடகை வீட்டில் தோட்டம்

அம்மா மைக் பிடித்துப் பேசியதை நான் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். அப்போது நான் நான்காம் வகுப்பு.

கோவையில் ஒரு தோட்டச் சங்கம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவசமாகச் சொற்பொழிவு நடத்திவந்தது. யார் வேண்டுமானாலும் போகலாம். காலைப் பூசை முடிந்ததும் சர்ச்சிலிருந்து நேராக அம்மா என்னை அங்கே கூட்டிப்போவாள். அவள் போனது பேச்சுக்காக. நான் போனது இடைவேளையில் தரும் தேங்காய் பன்னுக்காக. ரோஜாக் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்வது, புல்தரை பராமரிப்பு, குளங்களில் சேரும் குப்பை என்று ஒவ்வொரு மாதமும் ஒரு விஷயம். வருகிறவர்களில் பாதிப்பேர் பெரிய காம்பவுண்டு வைத்த வீட்டுக்காரர்கள். எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் அம்மா எழுந்து, "ஏனுங்க, இத பெயின்ட் டப்பாவுல வளத்த முடியுங்களா?" என்று கேட்பாள். கூடம் சிரிக்கும். எனக்கு நாற்காலிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருக்கும்.

அவள் கேட்டதில் தப்பில்லை. உக்கடத்துப் பக்கம் நாங்கள் மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். அதற்கும் மேலே மொட்டைமாடியில், பெயின்ட் டப்பாக்களிலும் ஓட்டை விழுந்த பேசின்களிலும் தக்காளி, கத்தரி, அவரை, நாலைந்து வகைக் கீரை என்று அம்மா ஒரு சந்தையையே வைத்திருந்தாள். தினமும் வெயில் சாய்ந்ததும் பக்கெட்டில் தண்ணீர் சுமந்துபோய் ஊற்றுவாள்.

ஒருநாள் சங்கத்துச் செயலாளர் அம்மாள், "அடுத்த மாசம் நீங்களே பேசுங்களேன். வாடகை வீட்டுல தோட்டம் போடறதப் பத்தி," என்றார். அம்மா முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "வாரேனுங்க," என்றாள். அதற்கப்புறம் வெங்காயம் உரிக்கும்போதுகூடத் தானாகப் பேசிக்கொண்டிருந்தாள். அப்பா, "லெக்சரர் அம்மிணி, ஒரு டீ கெடைக்குங்களா?" என்று சீண்டுவார்.

பேச்சுக்கு ஒரு வாரம் இருந்தபோது, கீழ்வீட்டில் இருந்த ஓனர் மேலே வந்தார். எங்கள் படுக்கையறைக் கூரையில் ஈரம் படர்ந்திருந்ததை அண்ணாந்து பார்த்தார். சண்டை போடுகிற மனிதர் இல்லை அவர்.

"தப்பா நெனைக்காதீங்க அம்மிணி. தளத்துக் கம்பி துருப்புடிச்சுப்போச்சுன்னா நான் எங்க போவேன்? மொட்டமாடியக் காலி பண்ணிக் குடுத்துப்போடுங்க."

அம்மா வாயைத் திறப்பதற்குள் அப்பா, "சரிங்க," என்று சொல்லிவிட்டார். என் பள்ளிக்கூடம் பக்கம், அப்பாவின் வேலையும் பக்கம். இன்னொரு வீடு அங்கே அமையாது. ஓனர் போனபின் அப்பா தரையைப் பார்த்தபடி, "பேச்சைக் கேன்சல் பண்ணிறலாமே கண்ணு," என்றார்.

"வாரேன்னு சொல்லிப்போட்டனுங்க," என்றாள் அம்மா. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவே ஒரு குட்டியானை வண்டி பிடித்து எல்லா டப்பாக்களையும் ஏற்றினார். கூடத்துக்கு வெளியே மர நிழலில் வரிசையாக இறக்கி வைத்தோம். அம்மா பேசினாள். முதலில் குரல் நடுங்கியது. அவரைக்குப் பந்தல் கட்டுவதற்கு வந்தபோது சரியாகிவிட்டது. டப்பாவுக்கு அடியில் செங்கல் வைக்க வேண்டும், தளத்தில் ஈரம் தங்க விடக்கூடாது என்றும் சொன்னாள்.

ஒருவர் எழுந்து, "ஹவுஸ் ஓனர் ஒண்ணுஞ் சொல்றதில்லீங்களா?" என்று கேட்டார்.

"நல்ல மனுசருங்க. கீரை குடுத்தா வாங்கிக்குவாரு," என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

முடிவில் அம்மா, "வெளியில இருக்கறத ஆருக்கு எது வேணுமோ எடுத்துக்குங்க," என்றாள். கைதட்டல் ஓய நேரமாயிற்று. இவ்வளவு பெரிய மனசு யாருக்கு வரும் என்று சங்கத் தலைவர் மைக்கில் சொன்னார். நான் தலைகால் புரியாமல் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு கார் காராக ஓடினேன். அன்றுதான் முதல்முறையாக அம்மாவின் பிள்ளை என்று எல்லோருக்கும் தெரிய வேண்டுமென ஆசைப்பட்டேன்.

முதல் பூ விட்டிருந்த எலுமிச்சைச் செடியை மட்டும் அம்மா கையிலேயே வைத்திருந்தாள். அதைக் கேட்ட பெண்மணியிடம், "மாடிங்களா, தரைங்களா?" என்று விசாரித்தாள்.

"தரைதானுங்க. ஊட்டுக்குப் பின்னால நெறைய எடம் கெடக்குது."

"அப்ப தரையிலயே வெச்சிருங்க," என்று கொடுத்தாள். அந்தக் கார் திரும்பி மறையும்வரை அங்கேயே நின்றாள்.

அதன்பின் சங்கத்தில் எத்தனையோ முறை கூப்பிட்டும் அம்மா போகவில்லை. பேசி முடித்தவர் எதற்கு உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று நானே அதற்கொரு நியாயம் கற்பித்துக்கொண்டேன். இப்போது என் வீட்டில் பால்கனி இருக்கிறது. செடி வாங்கி வரட்டுமா என்றால், "வேண்டாங் கண்ணு, எதுக்கு?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள்.

பேச்சு முடிந்து அன்று வீடு திரும்பியதும் நான் மொட்டைமாடிக்கு ஓடினேன். மாடி முழுக்க எனக்கே கிடைத்துவிட்டது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடினேன். வெயில் சாய்ந்தபோது அம்மா ஒரு பக்கெட் தண்ணீருடன் படியேறி வந்தாள். கடைசிப் படியில் நின்றாள். வெறும் தளத்தைப் பார்த்தாள், கையிலிருந்த பக்கெட்டைப் பார்த்தாள்.

"எதுக்கும்மா தண்ணி?" என்றேன்.

அவள் பக்கெட்டைக் கீழே வைத்தாள். பிறகு, "காலெல்லாம் மண்ணு. இங்க வா சாமி," என்று கூப்பிட்டு, குனிந்து என் கால்களில் மெல்ல ஊற்றினாள். பக்கெட் காலியாகும்வரை ஊற்றினாள். எனக்குக் கால் கழுவிவிடத்தான் அவ்வளவு தண்ணீரைச் சுமந்து வந்திருக்கிறாள் என்று நான் நம்பினேன்.