பஞ்சுத் தூசி என்று நினைத்த இருமல்

என் அப்பா அருப்புக்கோட்டையில் முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவர். அவருக்கு பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம், "இதனால வேற எதுவும் பண்ணுமா சார்?" என்று கேட்டேன். "நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்றார். சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

சில வாரங்களில் அப்பாவுக்கு வறட்டு இருமல் பிடித்தது. "அண்ணே, தறிச் சத்தத்த விட உங்க இருமல்தான் பெருசாக் கேக்குது" என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். பஞ்சுத் தூசிதான் காரணம் என்று நானே முடிவு கட்டி, அப்பாவை வேலையை விடவைத்தேன். இருமல் நிற்கவில்லை. "ஏலே, தறியும் போச்சு, இருமலும் போகலையே" என்றார்.

பிறகு பார்த்த ஒரு டாக்டரம்மா மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். "இந்த மாத்திரை சிலருக்கு இருமலக் கொடுக்கும். யாரும் சொல்லலையா?" என்றார். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். ஒரு மாதத்தில் இருமல் நின்றது. அதற்குள் அப்பாவின் தறிக்கு வேறு ஆள் வந்துவிட்டார்.

விழுங்குவது நாங்கள்தானே, அது என்ன செய்யும் என்று கேட்கக் கூடாதா? இப்போதெல்லாம் பதில் வரும்வரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. "அடுத்த ஆளு காத்திருக்கு" என்று டாக்டர் கத்தினால் கத்தட்டும்.