பெடல் படகில் கேட்ட கேள்வி

பழவேற்காட்டுக் கடலோரக் குப்பம் எங்களுடையது. மீன்பிடித் தொழிலுக்குப் போகும் படகில் பெண்கள் ஏறுவது எங்களிடம் வழக்கமில்லை. தினமும் நானும் கை கொடுத்துப் படகைத் தள்ளிவிடுவேன். வீட்டுக்காரர் என்னைத் திரும்பியே பார்க்கமாட்டார். அந்தக் கோபத்தில் நானும் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்துவிடுவேன்.

போன வருஷம் நானும் அவரும் பட்டணத்தில் ஒரு பெரிய பூங்காவுக்குப் போனோம். அங்கிருந்த மியூசியத்தில் டச்சுக்காரர்களான ஒல்லாந்தர் காலத்துப் பழவேற்காட்டின் படம் மாட்டியிருந்தது. படகுகளில் ஆண்கள், கரையில் பெண்கள்.

"அப்பவும் நாங்க கரையிலதானா?" என்று முணுமுணுத்தேன்.

அவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்து, பூங்காக் குளத்தில் பெடல் படகுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார்.

நடுக்குளத்திலிருந்து கரையைப் பார்த்தேன். நிற்கிறவர்கள் முகம் தெரியவில்லை. ஒருத்தியின் சிவப்புப் புடவை மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"தொழிலுக்குப் போறப்போ ஒரு தபாவாவது என்னைத் திரும்பிப் பாத்திருக்கியாய்யா?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் பெடலை நிறுத்தினார். "அலையைத் தாண்டுற வரைக்கும் எங்க திரும்பறது? தாண்டினதும் பாப்பேன். உன் முதுகுதான் தெரியும்."



மறுநாள், இருப்பதிலேயே சிவப்பான புடவையைக் கட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். படகு அலையைத் தாண்டியது. நான் நகரவில்லை.