பெட்டகப் படங்களும் பிடிப்பக்கத்து ஆளும்

சூதாட்ட மாளிகையைக் கொள்ளையடிக்கும் படங்களில் எனக்குப் பிடித்த இடம் கொள்ளை இல்லை. அதற்கு முன்னால் வருவது. தலைவன் ஒவ்வோர் ஆளாகத் தேடிப் போவான். ஒருவன் மீன் கடையில் ஐஸ் உடைத்துக்கொண்டிருப்பான். ஒருவன் அன்றைக்குத்தான் சிறையிலிருந்து வந்திருப்பான். தலைவன் பக்கத்தில் போய் நின்று இரண்டே வார்த்தை பேசுவான். அந்த ஆள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுப் பின்னாலேயே வந்துவிடுவான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். நம்மை ஒருத்தர் இப்படித் தேடி வரமாட்டாரா என்றிருக்கும்.

"தேடி வந்தா மட்டும் போயிடுவீங்களாக்கும்?" என்பாள் என் மனைவி. "கேஸ மூடினோமா இல்லியான்னு பாதி ரோட்டுலேருந்து திரும்பி வந்து நிப்பீங்க."

அவள் சொல்வது சரிதான். நான் கவலைக்காரன். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பேன், இழுத்துப் பார்த்தோமா என்று நினைத்து மறுபடி வந்து இழுப்பேன். மழை பெய்தால் மண் சரியுமோ என்று பயம், பெய்யாவிட்டால் கொழுந்து வராதே என்று பயம். அதனால்தான் அந்தப் படங்கள் என்னைப் பிடித்துக்கொண்டன என்று நினைக்கிறேன். அதில் வருகிறவர்கள் யாருக்கும் கவலையே இல்லை. கோட்டு கசங்காது. யாரும் இரும மாட்டார்கள். நடுவில் ஏதோ தப்பு நடந்துவிட்டது, மாட்டிக்கொண்டார்கள் என்று நாம் பதறினால், கடைசியில் அந்தத் தப்பும் திட்டத்திலேயே இருந்திருக்கும். தப்பைக்கூடத் திட்டம் போட்டு வைத்திருக்கிற மனிதர்களைப் பார்த்துப் பொறாமைப்படாமல் என்ன செய்வது?

நான் பார்த்த படங்கள் எல்லாமே என் கூட்டாளி வீட்டு டிவியில் பார்த்தவை. நானும் அவனும் ஒரே தேயிலைத் தோட்டத்தில், ஒரே மெஷினில் வேலை. கொழுந்து வெட்டுகிற மெஷினைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். செடி நிரைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் செடியின் தலைமேல் கத்தி ஓடும். இன்ஜின் இருக்கிற பக்கம் அவன், வெறும் பிடி இருக்கிற பக்கம் நான். வெட்டின கொழுந்து பின்னால் தொங்கும் நீளமான பையில் போய் விழும். அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வங்காளதேசத்து ஆள் ஒருவர் வருவார். இன்ஜின் சத்தத்தில் பேச முடியாது. அவன் தன் பக்கத்தை லேசாகத் தூக்கினால் முன்னால் கல் இருக்கிறது என்று அர்த்தம், தாழ்த்தினால் சரிவு. பல வருஷமாக அந்தப் பிடி வழியாகத்தான் நாங்கள் பேசிக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் வீட்டில் படம். வெளியே பனி இறங்கி எதிர் லயத்து வரிசை வீடுகள்கூடத் தெரியாது. இங்கிலீஷ் படம், கீழே மலாய் எழுத்து. மலாய் நான் நன்றாகப் பேசுவேன். ஆனால் தமிழ்ப்பள்ளிக்குப் பிறகு ஒரு வருஷம்தான் மலாய் இடைநிலைப் பள்ளிக்குப் போனேன். முதல் வார்த்தையைக் கூட்டிப் படிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். அவன் அங்கே மூன்றாம் படிவம் வரை படித்தவன். எனக்காக வரிக்கு வரி தமிழில் சொல்லுவான். அமெரிக்காவின் அழகான ஆண்களெல்லாம் என் காதில் என் கூட்டாளியின் கரகரத்த குரலில்தான் பேசியிருக்கிறார்கள்.

நாங்கள் திரும்பத் திரும்பப் பார்த்த பழைய படம் ஒன்று உண்டு. பெரிய நடிகர்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள், தீபாவளிக்கு எல்லா மாமன்களும் ஒரே வீட்டில் வந்து இறங்கிய மாதிரி. அந்தக் கூட்டத்தில் ஒல்லியாக ஒருவன் வருவான். மின்சார வயர் வேலை தெரிந்தவன், ஆனால் பயந்தாங்கொள்ளி. தலைவன் அவன் வீட்டுக்கே போய்க் கூப்பிடுவான். அந்த இடத்தில் என் கூட்டாளி சொல்லும் வசனம் எனக்கு மனப்பாடம்:

"எல்லாரும் தைரியசாலியா இருந்தா கதவ யாருடா பாக்குறது? நீ பயப்படு. நாங்க வேலையப் பாக்குறோம்."

அந்த வசனத்தை நினைத்துக்கொண்டு நான் பல நாள் வேலைக்குப் போயிருக்கிறேன்.

அந்தப் படத்தைப் புது நடிகர்களை வைத்து மறுபடியும் எடுத்திருக்கிறார்கள், சீக்கிரம் டிவியில் போடுவார்கள் என்று கேள்விப்பட்ட சமயத்தில்தான் எங்கள் தோட்டத்துக்குப் புது மெஷின் வந்தது. பழையதைவிட அகலம், எடை குறைவு. வெளியிலிருந்து பெரிய துரைமார்கள் பார்க்க வருகிறார்கள், ஓட்டிக்காட்ட வேண்டும். பெரட்டில், அதாவது காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கிற இடத்தில், கங்காணி என் கூட்டாளியைக் கூப்பிட்டார். "நீதான் இன்ஜின். ஆளுங்கள நீயே பாத்து எடுத்துக்க. துரை சொல்லிட்டாரு."

படத்தில் வருகிற மாதிரியே இருந்தது. அன்று சாயங்காலம் முகம் கழுவி, நல்ல சட்டை போட்டு, வாசல் பக்கமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"எங்கயும் இல்ல. சும்மாதான்."

என் கூட்டாளி வந்தான். எங்கள் வீட்டைத் தாண்டிப் போனான். கை காட்டி, "சாப்பிட்டியா மச்சான்?" என்று கேட்டுக்கொண்டே போனான். லயத்தின் கடைசி வீட்டில், கீழே ரிங்லெட் டவுனிலிருந்து புதிதாக வந்த ஆள் ஒருவன் குடியிருந்தான். என் கூட்டாளி அந்த வீட்டுக் கதவைத் தட்டினான்.

அந்தப் புது ஆளைப் பற்றி நான் நியாயமாகச் சொல்வேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். நல்ல உயரம். எனக்கு எப்போதோ கொட்டிப்போன முடி அவனுக்கு அடர்ந்து நின்றது. கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டியிருக்கிறான். அதற்கு முன்னால் வேறொரு மலையில், நிஜமான சூதாட்ட மாளிகையின் ஹோட்டல் சமையல்கட்டில் வேலை செய்திருக்கிறான். நான் டிவியில் பார்த்து ஏங்கியதை அவன் தட்டு கழுவப் போன இடத்தில் நேராகப் பார்த்திருக்கிறான். "உள்ள கடிகாரமே இருக்காது அண்ணே. ஜன்னலும் இருக்காது. பெட்டகமாவது ஒண்ணாவது, நான் பாத்ததெல்லாம் வெங்காயம்தான்," என்று சிரிப்பான். என்னை அண்ணே என்று கூப்பிட்டதும் எனக்குப் பிடிக்கவில்லை. கூப்பிடாமல் இருந்திருந்தாலும் பிடித்திருக்காது.

பையைத் தூக்க அதே வங்காளதேசத்து ஆளைத்தான் என் கூட்டாளி எடுத்திருந்தான். மூன்று பேரில் மாறியது நான் ஒருவன்தான். அதே கதை, அதே மலை, என் இடத்தில் மட்டும் வேறு நடிகன்.

இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "என்னங்க இது, பொண்டாட்டி ஓடிப்போன மாதிரி உக்காந்திருக்கீங்க! நான் இங்கதான் இருக்கேன்."

ஓட்டிக்காட்டிய நாளில் எனக்கு ரோட்டோரச் செடிகளை அரிவாளால் ஒதுக்கிவிடும் வேலை கொடுத்தார்கள். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. இன்ஜின் மக்கர் பண்ணவேண்டும் என்று நினைத்தேன். யாருக்கும் அடிபடக் கூடாது, ஆனால் புது ஆள் ஒரு தடவை வழுக்கி விழுந்தால் போதும் என்று நினைத்தேன். முனீஸ்வரனிடம் இதையெல்லாம் கேட்கக் கூடாது என்று தெரியும். பாதி கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பேரும் காலடி சேர்த்து நடந்தார்கள். நான் குள்ளம். என் பக்கம் எப்போதும் கொஞ்சம் தாழ்ந்துதான் வெட்டும், செடி சாய்ந்து நிற்கும். அதற்காகக் கங்காணியிடம் நான் வாங்காத திட்டு இல்லை. புது ஆள் என் கூட்டாளியின் உயரம். வெட்டி முடித்த நிரை மேசை போட்ட மாதிரி சமமாக இருந்தது. பெரிய துரை ஒருவர் அதன் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்து, தலையை ஆட்டினார். பழைய படத்தைவிடப் புதுப் படம் நன்றாக இருந்தால் பழைய நடிகனுக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அந்த ஞாயிறுதான் டிவியில் புதுப் படத்தைப் போட்டார்கள். போகக் கூடாது என்று முடிவு செய்து, பிறகு போனேன். புது ஆளும் வந்திருந்தான். கியா பார்ம் சந்தையிலிருந்து சோளம் வாங்கி வந்திருந்தான். நல்லவேளை, என் வழக்கமான இடம் காலியாகத்தான் இருந்தது.

என் கூட்டாளி எப்போதும்போல வரிக்கு வரி சொல்ல ஆரம்பித்தான். புது ஆள் எழுத்தைப் படித்துவிட்டு எனக்கு முன்னாலேயே சிரித்தான். அவன் சிரித்து முடித்த பிறகு எனக்கு நகைச்சுவை வந்து சேரும். ஆறிப்போன சோறு மாதிரி அதைத் தின்றுகொண்டிருந்தேன்.

அந்தப் பயந்த ஆளின் வீட்டுக்குத் தலைவன் போகும் கட்டம் வந்தது. நடிகன் வேறு, வீடு வேறு. என் கூட்டாளி திரையைப் பார்த்தபடி சொன்னான்: "எல்லாரும் தைரியசாலியா இருந்தா கதவ யாருடா பாக்குறது? நீ பயப்படு..."

"அண்ணே, அப்படி எங்க போட்டிருக்கு?" என்றான் புது ஆள். "ஆறு மணிக்கு வரச் சொல்றான். அவ்ளோதான் லா."

"பழைய படத்துல அப்படித்தான் இருந்துச்சு," என்றான் என் கூட்டாளி.

"இருங்க, பாத்துடலாம்." விளம்பரம் ஓடிய நேரத்தில் புது ஆள் கைப்பேசியில் பழைய படத்தைத் தேடி, அதே கட்டத்துக்குப் போய், நிறுத்தி, என்னிடம் நீட்டினான். அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. விவரம் தெரிந்தவர்களுக்கு வருகிற அரிப்பு, அவ்வளவுதான்.

படம் அசையாமல் நின்றதால் என்னால் கூட்டிப் படிக்க முடிந்தது. டாத்தாங் புக்குல் அனாம். ஜாங்ஙான் லம்பாட். ஆறு மணிக்கு வா. லேட் பண்ணாதே.

அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கதவு இல்லை, பயம் இல்லை. அந்த ஒல்லி ஆளைப் பார்த்துத் தலைவன் சொன்னதே அவ்வளவுதான். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தேன். என் கூட்டாளி சோளத்தை ரொம்பக் கவனமாகக் கடித்துக்கொண்டிருந்தான்.

படம் முடிந்து புது ஆள் போன பிறகு கேட்டேன். "வேற எதையெல்லாம்டா மாத்திச் சொன்னே?"

"எழுத்து ஓடுற வேகத்துக்கு எனக்கு மட்டும் என்ன, எல்லாம் புரியுதா? புரியாத எடத்துல நானா ஒண்ணு போடுவேன்."

"அந்த எடம் புரியலயா? ஆறு மணிக்கு வா. இது புரியலயா உனக்கு?"

அவன் கையிலிருந்த சோளக்கட்டையை உருட்டினான். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "அப்படி நெனச்சவன் என்னை ஏன்டா கூப்புடல?"

"மச்சான், துரைமாருங்க சுத்தி நின்னா நீ செடியப் பாக்க மாட்ட, அவங்க மூஞ்சியப் பாப்ப. கீழ கத்தி ஓடுது. எனக்கு உன் வெரல் பத்தும் வேணும் லா."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அதுக்கும் ஒரு வாரம் கவலப்படுவ."



அவன் சோளக்கட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தான். "பை தூக்குறவரு ஊருக்குப் போறாரு. புது மெஷின் எங்ககிட்டதான் இருக்கப் போவுது. நீ பின்னால வா."

"இத்தன வருஷம் பிடி பிடிச்ச ஆளு, பை தூக்குறதா? அதுவும் அவன் பின்னால?"

"முன்னால போற ரெண்டு பேரும் கத்தியத்தான் பாப்போம். கொளவி இருக்கா, குழி இருக்கான்னு யாரு பாக்குறது?" என்றான். டிவி அணைந்திருந்தது. "கதவ யாருடா பாக்குறது?"

திங்கட்கிழமை பையை எடுத்தேன். சந்தோஷமாக எடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். எனக்கு முன்னால் இரண்டு முதுகு. அதில் ஒரு முதுகு இருந்த இடம் என்னுடையது. காற்றில் புது ஆளின் முடி பறந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மேட்டில் ஏறினேன்.

பையை இரண்டு தடவை வெடுக்கென்று இழுத்தால் நிறுத்து என்று அர்த்தம். மூன்றாவது நிரையில், கத்திக்குக் கொஞ்சம் முன்னால், செடிக்கு நடுவே பழுப்பாக உருண்டையாக ஏதோ தெரிந்தது. குளவிக்கூடு என்று இழுத்துவிட்டேன்.

என் கூட்டாளி திரும்பிப் பார்க்கவில்லை. உடனே இன்ஜினை அணைத்துவிட்டு நின்றான். புது ஆள்தான் பிடியை விட்டுவிட்டு, எட்டிப் போய், குச்சியால் கிளறிப் பார்த்தான். காய்ந்த சருகு, மழையில் சுருண்டு கிடந்தது.

"ஒண்ணும் இல்லியே அண்ணே!" என்று சிரித்தான்.

"இருந்திருந்தா?" என்றான் என் கூட்டாளி. கயிற்றை இழுத்து இன்ஜினை எழுப்பினான்.

புது ஆள் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பிடியைப் பிடித்தான். இருவரும் மறுபடி காலடி சேர்த்து நடந்தார்கள். எனக்கு அது இன்னும் எரிகிறது. ஆனாலும் கண்ணைச் செடியை விட்டு எடுக்காமல் பின்னால் போனேன்.