சுருட்டுப் பெட்டியில் ஒரு ஒப்பாரி

மனைவி இறந்தபோது நான் அழவில்லை. திருமயத்தில் எங்கள் தெருவுக்கு அது தீராத கவலையாகிவிட்டது.

மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த சுருட்டுப் பெட்டியில் ஒரு கட்டையையும் மூன்று கம்பிகளையும் பொருத்தி, நானே ஒரு கிதார் செய்திருந்தேன். அவளுடைய காலித் தைலக் குப்பியைக் கம்பிகளின் மேல் வழுக்கினால் ப்ளூஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோக இசை, ஆள் விம்முவதுபோல ஓரளவு வரும். ஒருநாள் காலையில் அவ்வாறு வாசித்துக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டு அம்மாள் இரண்டு பெண்களோடு உள்ளே வந்தார். என் முகத்தைக்கூடப் பார்க்காமல், மூவரும் கூடத்தில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அமர்ந்து ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள்.

"நல்லா அழுதுருங்கண்ணே! இன்னைக்காச்சும் வாய்விட்டீங்களே!"

"நான் அழுகலைம்மா. இது வாத்தியம்," என்று பெட்டியைத் தூக்கிக் காட்டினேன்.

ஒப்பாரி பாதியில் நின்றது.

"அப்ப மதினிக்காக இன்னும் அழுகவே இல்லையா?"

கல்லூரியில் காலமெல்லாம் விளக்கம் சொல்லியே பிழைத்தவன் நான்; பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். எதிர்வீட்டு அம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தார்.

"சரி, ஒங்களுக்கு வராதுபோல. நீங்க அதை இழுங்க, நாங்க அழுகுறோம். கொஞ்சம் ஏத்தி வைங்க, எங்க தொண்டை அம்புட்டுக் கீழ எறங்காது."

முறுக்காணிகளைத் திருகி, அவர்களுடைய குரலுக்கு ஏற்பச் சுருதியை உயர்த்தினேன்.