மூடினால்தான் சேமிக்கும்

"சார், உங்க சாஃப்ட்வேருக்கு ஞாபக மறதிங்க. தெனமும் வெள்ளனே தொறந்தா, பிரிண்டர் எதுன்னு கேக்குது."

தாண்டிக்குடி காபி எஸ்டேட் கிளார்க் ஒரு வாரமாக போனில் இதையே சொல்ல, இன்று ஜீப் பிடித்துப் போனேன். முதுகு போய்விட்டது.

நான் எழுதிக் கொடுத்த அந்த புரோகிராமில், செட்டிங்ஸைச் சேமிக்கவும் திரும்ப எடுக்கவும் லைப்ரரி என்கிற ஒரு சின்ன துணை நிரல் போட்டிருக்கிறேன். புரோகிராமை மூடும்போது எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளும். என் மேசையில் ஒருநாளும் தவறியதில்லை.

"எக்ஸிட் குடுத்துத்தானே மூடுறீங்க?" என்றேன்.

"நாங்க எதுக்குங்க மூடணும்? அதான் தெனமும் கரண்டு போயி தன்னால மூடிக்கிருதே."

செட்டிங்ஸை மாற்றியவுடனே சேமிக்கும்படி அவர்கள் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து ஒரு வரி சேர்த்தேன். ஓட்டிப் பார்ப்பதற்குள் கரண்ட் போய்விட்டது.

அந்த வரியை நான் சேமித்திருக்கவில்லை.

சிரிப்பவர்கள் கீழே கமெண்டில் வந்து சிரித்துவிட்டுப் போகலாம்.