அடைக்கலமேரி வீட்டுக் கிறிஸ்துமஸ் மேசை

எலுமிச்சம்பழத் தோலால் விரல்களைத் தேய்த்து, முகர்ந்து, திருப்திப்படாமல் மறுபடியும் தேய்த்து, மீன் வாசனை போய்விட்டது என்று உறுதியான பிறகுதான் அடைக்கலமேரி கண்ணாடி பீரோவைத் திறப்பார். கல்மண்டபம் மார்க்கெட்டில் அவருக்குக் கருவாட்டுக் கடை. பகலெல்லாம் நெத்திலியும் வாளையும் அள்ளுகிற கை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் சாயங்காலத்துக்குப் பிறகு பீங்கானைத் தவிர வேறெதையும் தொடாது. அடுப்பையும் தொடாது என்பது கணவர் தாமஸ் கூடுதலாகத் தரும் தகவல்.

ராயபுரத்துச் சந்து வீடு. கூடத்தில் பாதியை ஒரு சாப்பாட்டு மேசை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதில் யாரும் சாப்பிட்டதாகச் சரித்திரம் இல்லை. கிறிஸ்துமஸுக்குச் சிவப்பு விரிப்பு, தவக்காலத்துக்கு ஊதா, ஈஸ்டருக்கு வெள்ளை, நடுவில் பொங்கலுக்கு மண்சட்டிகள் என்று மேசை வருஷம் முழுக்க உடை மாற்றிக்கொண்டே இருக்கும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற தாமஸ், கட்டிலில் உட்கார்ந்து மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார். "கப்பல் சரக்கையே எறக்கலாம் அந்த மேசைல. எனுக்கு ஒரு தட்டு சோறு வைக்கத்தான் எடமில்ல" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அடைக்கலமேரி அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறார்.

மேசையைப் பார்த்தால் பாராட்டத்தான் தோன்றும். பழைய பிஸ்கட் டின்களில் மெழுகுவத்திகள், ஊறுகாய் ஜாடிகளில் காசிமேட்டுக் கடல் மணலும் சிப்பிகளும், பச்சை விளிம்பு வைத்த எனாமல் குவளைகளில் காகிதப் பூக்கள். ஈயம் பூசிய அகலமான செம்புத் தட்டில் அச்சுமுறுக்குக் கோபுரம். அந்தக் காலத்துச் சாமான்களை இந்த அம்மாள் எந்தக் கடையில் தேடிப் பிடிக்கிறார் என்று புதிதாக வருகிறவர்கள் வியப்பார்கள். எந்தக் கடையிலும் இல்லை. எல்லாம் அதே தெருவிலிருந்து, அதுவும் பலகாரத்தோடு வந்தவை.

பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினால், வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது. எதையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். தெரு முழுக்க இதுதான் வழக்கம். மற்றவர்கள் நாலு வாழைப்பழத்தையோ ஒரு கைப்பிடி சர்க்கரையையோ போட்டுக் காரியத்தை முடித்துவிடுவார்கள். அடைக்கலமேரிக்கு அப்படி மரியாதைக் குறைவாக நடந்துகொள்ள மனம் வராது. தட்டின் அழகுக்குத் தகுந்த பலகாரம் அமையும்வரை காத்திருப்பார். அழகில்லாத பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மட்டும் அன்றைக்கே பலகாரம் அமைந்துவிடும்.

பாத்திரங்களில் பேர் வெட்டியிருப்பது ஒரு தொந்தரவுதான். பேர் இருக்கிற பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைப்பார். ஆனாலும் கறிக்கடைக் கலீலுல்லா தன் வீட்டுச் செம்புத் தட்டைக் கண்டுபிடித்துவிட்டார். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், அடுத்த நாள் மைத்துனரைக் கையோடு அழைத்து வந்து, "பாத்தியா, நம்ம வூட்டு தட்டு. மேரிக்கா வூட்ல ஷோவுக்கு கீது" என்று காட்டிவிட்டுப் போனார்.

மேசையின் நடுவில் நிற்பது ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணம். நீலக் கொடி ஓடிய விளிம்பு, இரண்டு பக்கமும் பிடி, மேலே குமிழ் வைத்த மூடி. பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லியின் அப்பா கப்பலில் சமையல்காரர். அந்தக் கப்பலை உடைக்கக் கொண்டுபோனபோது அவருக்குக் கிடைத்தது. ஒரு தீபாவளியன்று தண்ணீர் லாரி வரவில்லை. புஷ்பவல்லி வீட்டில் ஏனமெல்லாம் கழுவாமல் குவிந்து கிடந்தது. அவசரத்தில் ஷோகேஸிலிருந்த கிண்ணத்தை எடுத்து, அதிரசத்தை அடுக்கி, அடைக்கலமேரி வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். அந்தத் தெருவில் அதைவிடப் பெரிய தப்பை யாரும் செய்ததில்லை.

"இன்னாக்கா, என் கிண்ணம் எப்பிடி கீது?" என்று புஷ்பவல்லி சாயங்காலமானால் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவருக்கு மேலே தலையை நீட்டுவார்.

"அதுக்கு இன்னாமே, ராணி மாரி கீது. வெறுங்கிண்ணமா குடுத்தா வூட்டுக்கு ஆவாது. நல்ல நாள் வரட்டும், ரொப்பிக் குடுக்கறேன்."

நல்ல நாள் வரும். ஆனால் தவக்காலத்தில் இனிப்புச் செய்யக் கூடாது. ஈஸ்டருக்கு முட்டைகளை வைக்க அந்தக் கிண்ணம்தான் வேண்டும். வேளாங்கண்ணிக்குப் போகிற மாதத்தில் பலகாரத்துக்கு நேரம் ஏது? அதற்குள் கிறிஸ்துமஸ் வந்துவிடும். கிண்ணத்தில் தொடங்குகிற பேச்சு மருமகள், முட்டிவலி, குழாய்த் தண்ணீர் என்று போய், தெருவிளக்கு எரியும்போது கிண்ணத்தை இரண்டு பேருமே மறந்திருப்பார்கள். மறுநாள் மறுபடியும் நினைவு வரும்.

இந்த டிசம்பரில் புஷ்பவல்லி சுவரில் தலை நீட்டியபோது கிண்ணத்தை விசாரிக்கவில்லை.

"அக்கா, பையன் அம்மாந்தொலவு படப்பைல வூடு பாத்துட்டான். அவன் கம்பெனிக்குப் பக்கமாம். உங்க கிறிஸ்மஸ் முடிஞ்சதும் கெளம்பறோம்."

"மார்கழில எவனாச்சும் வூடு மாறுவானா? உங்க சாமிக்கே ஆவாதுமே!"

"நானும் சொல்லிப் பாத்தேன். அதெல்லாம் யாரு பாக்கறான்னு கேக்கறான்."

இந்த வீட்டில் மார்கழி பார்ப்பது எப்போதிலிருந்து என்று தாமஸ் கேட்டார். அடைக்கலமேரியோ கிண்ணம் போய்விட்டால் மேசை பாழ் என்று மார்க்கெட் முழுக்கப் புலம்பினார். புஷ்பவல்லி போய்விட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சுறா கேட்டவருக்கு வாளையை நிறுத்துக் கொடுத்து வசவு வாங்கினார். சாயங்காலங்களில் சுவர்ப் பக்கமே போகவில்லை. போனால் அழுகை வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

கிறிஸ்துமஸ் அன்று வழக்கம்போலத் தெருவே வந்து மேசையைப் பார்த்தது. புஷ்பவல்லியும் வந்தார். கிண்ணத்தின் எதிரே நின்றார், நீலக் கொடியின் மேல் ஒரு விரலை ஓட்டினார், தாமஸிடம் கேக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நல்ல நாளும் அதுவுமாகக் கேட்பது அசிங்கம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்தாக வேண்டுமே என்று அடைக்கலமேரி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

சாமான் ஏற்றக் குட்டியானை வண்டி வந்து நின்ற காலையில்தான் புஷ்பவல்லி வாசலில் வந்து நின்றார். கையில் சாவிக்கொத்து.

"அக்கா, கிண்ணம்."

அவ்வளவுதான் சொன்னார். அடைக்கலமேரி மேசைக்குப் போய், கிண்ணத்திலிருந்த பஞ்சையும் கண்ணாடி உருண்டைகளையும் அள்ளி வெளியே வைத்தார். கழுவினார், துடைத்தார். கிறிஸ்துமஸுக்குச் சுட்ட கல்கல் பலகார டின்னைத் தூக்கி வந்து கொட்ட ஆரம்பித்தார்.

"போதும்க்கா."

"இருமே."

கிண்ணம் நிறைந்தது. அதற்கு மேலும் கொட்டினார். அலமாரியில் தாமஸ் தனக்கென்று ஒளித்து வைத்திருந்த கல்கல் டப்பாவையும் எடுத்து வந்து கவிழ்த்தார். கிண்ணத்துக்கு மேலே இன்னொரு கிண்ணம் அளவுக்குக் கல்கல் குவிந்தது. பிறகு மூடியை எடுத்துக் குவியலின் மேல் வைத்துப் பார்த்தார். அது ஒரு பக்கமாகச் சரிந்தது.

"மூடி ஒக்கார மாட்டேங்குது பாரு" என்றார், மிகவும் வருத்தத்தோடு.

"ரெண்டு பிடி எடுத்துட்டா சரியா ஒக்காந்துரும்" என்றார் தாமஸ், தன் டப்பாவை நினைத்துக்கொண்டு.

"யோவ், நீ சும்மா இரு. ரொப்பினத யாராச்சும் எடுப்பாங்களா?"

புஷ்பவல்லி கல்கல் குவியலைப் பார்த்தார். மூடியைப் பார்த்தார். அடைக்கலமேரியின் முகத்தைப் பார்த்தார்.

"மாமா, நீங்க கம்முனு இருங்க" என்றார் பிறகு. "அக்கா சொல்றதுதான் சரி. எடுக்கக் கூடாது. மூடி இங்கயே இருக்கட்டும். நான் அப்பறமா வந்து வாங்கிக்கறேன்."

"எப்ப வருவ?"

"வர்றேன்க்கா."

அடைக்கலமேரி புதுத் துண்டு ஒன்றை எடுத்து வந்து கிண்ணத்தைக் கட்டிக் கொடுத்தார். புஷ்பவல்லி அதை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வண்டி சந்து முனை திரும்பும்வரை வாசலில் நின்றுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடைக்கலமேரி உள்ளே வந்தார். மூடியை மேசையின் நடுவில் வைத்தார். கிண்ணம் இருந்த இடம் காலியாகத் தெரிந்தது. அதை மறைக்கச் சுற்றியிருந்த டின்களையும் தட்டுகளையும் உள்ளே இழுக்கப் போனவர், கையை நிறுத்தி, கிண்ணம் வந்தால் உட்கார இடம் வேண்டுமே என்று அவற்றை இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளி வைத்தார்.